முதல் தடவை

என் வயலின் பெட்டியில், வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டியை வைக்கும் அறைக்குப் பக்கத்தில், கோடு போட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தினமும் காலையில் சுருதி சேர்த்ததும், சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சியைக்கூட ஓட்டிப் பார்க்காமல், வர்ணமோ கீர்த்தனையோ, அன்றைக்கு எடுத்துக்கொண்ட உருப்படியை முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஒரு தடவை வாசிப்பேன். எது நடந்தாலும் நிறுத்த மாட்டேன். முடிந்ததும் நோட்டில் இரண்டு வரி எழுதுவேன். எங்கே விரல் தடுக்கியது, எங்கே வில் ஆடியது, எங்கே அடுத்தது என்னவென்று மனம் தேடியது. எழுதி மூடி வைத்த பிறகுதான் அன்றைய சாதகம், அதாவது பயிற்சி, தொடங்கும். அதற்கப்புறம் அதே உருப்படி எவ்வளவு அழகாக வந்தாலும் நோட்டில் ஏறாது.

மூன்று வருடமாக இப்படிச் செய்து வருகிறேன். இப்போது ஓடுவது ஏழாவது நோட்டு. இதற்கு நான் வந்து சேர்ந்த வழியைத்தான் எழுத நினைக்கிறேன். குழந்தைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர், நாற்பது வயதுக்கு மேல் வாத்தியத்தை மறுபடி கையில் எடுத்தவர்கள், மேடை என்றாலே வயிறு கலங்குகிறவர்கள், எல்லாரையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் ஒன்பது வயதில் வயலின் தொடங்கினேன். பதினைந்து வயதில் ஊரில் நடந்த ஒரு நவராத்திரிப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். மோகன ராகத்தில் ஒரு வர்ணம், பாட்டு வரியும் ஸ்வரக் கோவைகளும் மாறி மாறி வரும் உருப்படி, பெயர் ‘நின்னுகோரி’. கர்நாடக சங்கீதம் படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் முதல் சில வர்ணங்களுக்குள் கற்றுக்கொள்வது. ஒரு மாதம் காலையும் மாலையும் அதையே வாசித்தேன். வீட்டில் பிசகே கிடையாது. அம்மா அடுப்படியில் இருந்தபடி தலையாட்டுவாள்.

மேடையில் முதல் பாதி ஒழுங்காக நடந்தது. பல்லவி வந்தது, அனுபல்லவி வந்தது, முக்தாயி ஸ்வரம் வந்தது. இரண்டாம் பாதியான சரணத்தில், ஸ்வரம் என்று நாங்கள் சொல்லும் கோவைகளில் முதல் ஸ்வரமும் இரண்டாவது ஸ்வரமும் முடிந்து, சரண வரியைத் திரும்ப வாசித்தேன். மூன்றாவது ஸ்வரம் வரவில்லை. சரண வரியை இன்னொரு தடவை வாசித்தேன். வரவில்லை. இரண்டாவது ஸ்வரத்துக்கே திரும்பிப் போய் ஓடி வந்தேன். அதே இடத்தில் நின்றது. மிருதங்கம் வாசித்த அண்ணா தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. நான் வில்லை மடியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் சாரிடம் அழுதுகொண்டே சொன்னேன். “வீட்ல நல்லா வந்துச்சு சார்.”

அவர் கோபப்படவில்லை. “வீட்ல எத்தனாவது தடவை நல்லா வந்துச்சும்மா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. ஏதோ சமாதானத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். பதினேழு வயதில் கல்லூரி என்று வயலினை மூடி வைத்தேன். பிறகு வேலை, கல்யாணம், குழந்தைகள். நாற்பத்தொரு வயதில், சென்னையில், கம்பி துருப்பிடித்துப் போன அதே வயலினைச் சரிசெய்து வாங்கி மறுபடி உட்கார்ந்தேன். உட்கார்ந்த சில மாதங்களில் ஒரு நாள் அந்தக் கேள்வி திரும்ப வந்து, அப்போது சட்டென்று புரிந்தது.

வீட்டில் சாதகம் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஓர் இடம் தடுக்கும். திரும்ப வாசிப்போம். இன்னும் தடுக்கும். திரும்பத் திரும்ப வாசித்து எட்டாவது, பத்தாவது தடவை சுத்தமாக வந்துவிடும். அப்பாடா என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம். ‘இது எனக்கு வரும்’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்வது அந்தப் பத்தாவது தடவையை வைத்து. முந்தைய ஒன்பது தடவையும் கை எதைப் பழகியது என்று யாரும் கேட்பதில்லை. மேடையில் பத்தாவது தடவை என்ற ஒன்றே கிடையாது. அங்கே எல்லாமே முதல் தடவை. சார் கேட்டது இதைத்தான்.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. முதிர்ந்த பியானோ மாணவர்கள் 17 பேரிடம் ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் கான்செர்ட்டோ என்ற வகைப் படைப்பு ஒன்றிலிருந்து ஒரு சிறு துண்டைக் கொடுத்து, வேண்டிய நேரம் சாதகம் செய்யச் சொன்னார்கள். மறுநாள் வாசிக்கச் சொல்லித் தர வரிசை போட்டார்கள். எவ்வளவு நேரம் சாதகம் செய்தார்கள் என்பதற்கும் மறுநாள் வாசித்த தரத்துக்கும் தொடர்பு இல்லை. எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் தொடர்பு இல்லை. வாசித்த தடவைகளில் எத்தனை பங்கு சரியாக இருந்தது என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. மேலே வந்தவர்களும் ஆரம்பத்தில் தப்பு செய்தார்கள். ஆனால் தப்பு வந்த கணத்திலேயே அது எந்த இடம், என்ன காரணம் என்று துல்லியமாகப் பிடித்தார்கள். வேகத்தைக் குறைத்து, கூட்டி, மறுபடி குறைத்து, அதே தப்பு இரண்டாம் முறை கைக்குள் போகாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் வர்ணப் பாடம் கண் முன் வந்தது. முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஒரே வர்ணத்தைத் தாளம் மாறாமல் வேகம் மாற்றி வாசிக்க வைப்பது சும்மா விரல் வேகத்துக்காக என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒரே வேகத்தில் வாசிக்கும்போது கை தானாக ஓடிவிடும், மனம் வேறெங்காவது இருக்கும். காலம் மாறினால் கை ஓட முடியாது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் மனம் மறுபடி எடுத்துக் கொடுத்தாக வேண்டும். முதல் காலத்தில் இழைந்து வந்த கமகம், அதாவது ஸ்வரத்துக்குக் கொடுக்கும் அசைவு, இரண்டாம் காலத்தில் சுருங்க வேண்டும், ஆனால் காணாமல் போகக் கூடாது. அந்த முடிவுகளை எடுக்கிற வேலைதான் சாதகம். எடுக்காமல் ஓட்டினால் விரலுக்கு நடைப்பயிற்சி ஆகும், அவ்வளவுதான்.

மணிக்கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்தாயிரம் மணி நேரம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதற்கு மூலம் 1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சன் இருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. மேற்கு பெர்லினின் இசைக் கல்லூரியில் வயலின் மாணவர்களைப் பார்த்து எழுதியது. பதினெட்டு வயதுக்குள் மிகச் சிறந்தவர்கள் சராசரியாக 7,410 மணி நேரமும், அடுத்த நிலையில் இருந்தவர்கள் 5,301 மணி நேரமும், இசை ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தவர்கள் 3,420 மணி நேரமும் தனியாகச் சாதகம் செய்திருந்தார்கள். இந்தக் கணக்குதான் பத்தாயிரம் என்று உருண்டு ஊரெல்லாம் சுற்றியது. அதே ஆய்வில் வேறொன்றும் இருக்கிறது. நன்றாக வாசித்த மாணவர்கள் சாதகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, நடுவில் ஓய்வு எடுத்தார்கள். மதியம் தூங்கினார்கள். கவனம் தீர்ந்த பிறகு வாத்தியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி குழந்தையை இரண்டு மணி நேரம் எழுந்திருக்க விடாமல் வாசிக்க வைக்கும் பெற்றோர், அந்தப் பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அசுர சாதகம் செய்த நாகஸ்வர, தவில் வித்வான்களின் கதைகளை நானும் கேட்டு வளர்ந்தவள்தான். அவர்கள் உழைப்பின் முன் தலை வணங்குகிறேன். ஆனால் அந்த மேதைகளுக்கு அந்த மணி நேரம் முழுக்கக் காது விழித்திருந்தது. மணிக்கணக்கை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால், காது தூங்கிவிடும்.

மூன்றாவது சரண ஸ்வரத்துக்குத் திரும்பி வருகிறேன். ஏன் அங்கே நின்றது?

சாரே பிறகு ஒரு நாள் சொன்னார். “நீ மறக்கலம்மா. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வீட்டுக்கு உனக்கு வழி தெரியும். நடுத்தெருவுல இறக்கிவிட்டா தெரியல.”

வர்ணத்தின் அமைப்பைப் பாருங்கள். சரண வரி ஒன்று. ஒவ்வொரு ஸ்வரமும் முடிந்ததும் அதே வரிக்குத் திரும்பி வருகிறோம். அந்த வரியின் கடைசி எழுத்தில் நிற்கும்போது எதிரே பல கதவுகள். முதல் சுற்றில் ஒன்று திறக்க வேண்டும், அடுத்த சுற்றில் வேறொன்று. வீட்டில் நான் எப்போதும் பல்லவியில் தொடங்கிக் கடைசி வரை ஓடியிருந்தேன். ஒன்று முடிந்த சூட்டில் அடுத்தது வந்துவிடும். சங்கிலி மாதிரி. மேடையில் ஒரு கணம் கண் எதையோ பார்த்தது, ஒரு கண்ணி அறுந்தது, அதற்கப்புறம் பிடித்து ஏற வேறு கைப்பிடி இல்லை. இரண்டாவது ஸ்வரத்துக்குத் திரும்பி ஓடி வந்தும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் அதுதான். அறுந்த கண்ணிக்கே மறுபடி வந்து சேர்ந்தேன்.

ரோஜர் சாஃபின் என்ற உளவியல் ஆய்வாளர், கச்சேரி பியானோ கலைஞர் ஒருவர் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் படைப்பு ஒன்றை மனப்பாடம் செய்வதை ஆரம்பம் முதல் கூடவே இருந்து பதிவு செய்தார். அந்தக் கலைஞர் படைப்பின் அமைப்பைப் பிரித்து, அங்கங்கே மைல்கல் மாதிரி இடங்களை வைத்துக்கொண்டு, அந்த இடங்களிலிருந்து தொடங்கித் தொடங்கிப் பழகினார் என்பது தெரிந்தது. மேடையில் ஏதாவது தவறினால் அடுத்த மைல்கல்லுக்குத் தாவிவிடலாம். தொடக்கத்துக்குத் திரும்பி ஓட வேண்டியதில்லை.

நான் செய்தது மிக எளிய வேலை. பழைய காலண்டர் தாளைக் கிழித்துச் சீட்டு எழுதினேன். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி, சரணம், பிறகு ஒவ்வொரு சரண ஸ்வரமும் தனித்தனிச் சீட்டு. ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பேன். ‘சரணம், 3’ என்று வந்தால், தாளத்தை ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, கையில் போட்டுவிட்டு நேராக அங்கே தொடங்க வேண்டும். முதல் வாரம் பயங்கரமாக இருந்தது. வருடக்கணக்காகத் ‘தெரிந்த’ வர்ணத்தில் பாதிச் சீட்டுகளுக்கு எனக்கு விடை இல்லை. இரண்டாவது ஸ்வரத்தை மனதுக்குள் ஓடவிட்டால்தான் மூன்றாவது கிடைத்தது. அப்படி ஓடவிடாமல் எடுக்க வரும் வரை சீட்டை டம்ளரிலேயே திரும்பப் போட்டேன். ஒவ்வொரு ஸ்வரத்தின் முதல் நான்கு அட்சரத்தை, அதாவது தாளத்தின் நான்கு எண்ணிக்கை அளவை மட்டும், வில் இல்லாமல், வாயால் பாடினேன். பாத்திரம் தேய்க்கும்போது, ரயிலுக்கு நிற்கும்போது. ஒன்றரை மாதத்தில் டம்ளர் என்னை மிரட்டுவது நின்றது.

கூடவே ஒரு பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அரை மணி உட்காருவதையும் விட்டேன். வர்ணத்தில் மூன்று நிமிடம், பிறகு ஒரு கீர்த்தனையின் அனுபல்லவி, பிறகு ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பயிற்சி, மறுபடி வர்ணம். கனடாவில் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கார்ட்டர், கிரான் என்ற இருவர் 2016-இல் பத்து கிளாரினெட் கலைஞர்களை வைத்து இதைப் பார்த்தார்கள். ஒரு பாடத்தை 12 நிமிடம் ஒரே மூச்சாக வாசிப்பது ஒரு முறை. மூன்று மூன்று நிமிடமாக மாற்றி மாற்றி அதே 12 நிமிடத்தை முடிப்பது இன்னொரு முறை. மறுநாள் கேட்டு மதிப்பெண் போட்டவர்களுக்கு மாற்றி வாசித்த பாடங்களே பெரும்பாலும் மேலாகத் தெரிந்தன. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. ஒன்றை விட்டுவிட்டுத் திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் அது ஒரு சின்ன முதல் தடவை. கை மறந்திருக்கும், மனம் போய் எடுத்து வர வேண்டும். அந்த எடுத்து வருகிற தசைதான் மேடையில் வேலை செய்கிறது. ஆனால் இது சாதகம் செய்யும் நேரத்தில் சுகமாக இருக்காது. நன்றாக வருகிறது என்ற திருப்தி கிடைக்காது. அந்தத் திருப்தியின்மையைத் தாங்கப் பழகுவதற்கே எனக்கு ஆறு மாதம் ஆனது.

இதெல்லாம் சரியாக நடந்தாலும் உடம்பு என்று ஒன்று இருக்கிறது. வயலின்காரர்களுக்கு அது வில்லில் தெரியும்.

நம் கை எப்போதுமே நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை மிக மெலிதாக அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அட்ரினலின் ஏறும்போது அந்த அதிர்வு பெரிதாகிறது. வேகமான ஸ்வரங்களில் வில் சின்னச் சின்னதாகப் போய் வருவதால் யாருக்கும் காட்டிக்கொடுக்காது. தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் ஒரு நீண்ட ஷட்ஜத்துக்கு, அதாவது ‘ஸ’வுக்கு, வில்லின் அடியிலிருந்து நுனி வரை மெல்ல இழுக்கும்போது, நடுப்பகுதி வந்ததும் வில் கம்பியின் மேல் துள்ளும். நாதம் விக்கும். அதைக் கேட்டு இன்னும் இறுக்கிப் பிடிப்போம். கட்டைவிரல் கல்லாகும். இன்னும் துள்ளும். இறுக்குவதுதான் இதில் செய்யக் கூடாத முதல் காரியம். முழங்கையின் கனத்தை வில்லின் மேல் இறங்கவிட்டு, மூச்சை வெளியே விட்டபடி இழுத்தால் பாதி அடங்கும். முழுதும் அடங்காது.

உடம்பு இப்படி ஆடுவது திறமைக் குறைவின் அடையாளம் என்று நினைத்துத்தான் பல பேர் வாத்தியத்தையே விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படி விட்டவள். செல்லோ மேதை பாப்லோ காசல்ஸுக்கு வாழ்நாள் முழுதும் மேடைக்கு முன் நடுக்கம் இருந்தது. 1901-இல் சான்பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் டமால்பைஸ் மலையில் ஒரு பாறை உருண்டு அவர் இடது கைமேல் விழுந்தது. விரல்கள் நசுங்கிய அந்தக் கணத்தில், நல்லவேளை இனிமேல் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்றுதான் முதலில் தோன்றியது என்று தன் நினைவுக் குறிப்பில் அவரே சொல்லியிருக்கிறார். கை குணமாகி, தொண்ணூறு வயது தாண்டியும் வாசித்தார். பியானோவில் ஹொரோவிட்ஸ் 1953-லிருந்து 1965 வரை பன்னிரண்டு வருடம் மேடைக்கே வரவில்லை. நம்மிடமும் இது பழைய செய்திதான். போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு, அவையில் அஞ்சாதவர்கள் அரிது என்று அவையஞ்சாமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லிவிட்டார்.

மாத்திரையைப் பற்றி என்னிடம் சிலர் கேட்டதால் சொல்கிறேன். அமெரிக்காவில் 1987-இல் சிம்பொனி இசைக்குழுக் கலைஞர்கள் 2,212 பேரிடம் எடுத்த கணக்கில் நான்கில் ஒருவருக்கு மேல் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்ததுண்டு என்று தெரியவந்தது. அது அட்ரினலின் வேலை செய்யும் வாசலை அடைப்பதால் நடுக்கம் குறையும், படபடப்பு குறையும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. தெரிந்தவர் கொடுத்தார் என்று வாயில் போட்டுக்கொள்கிற பொருள் அல்ல. டாக்டரிடம் போங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.

மாத்திரையைவிட எனக்கு உதவியது ஹார்வர்டில் அலிசன் உட் புரூக்ஸ் செய்து 2014-இல் வெளியிட்ட ஒரு சோதனை. கரோக்கியில் பாடப் போகிறவர்களில் ஒரு பகுதியினரை ‘எனக்குப் பதற்றமாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் பாடச் சொன்னார். இன்னொரு பகுதியினரை ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லச் சொன்னார். மூன்றாம் பகுதியினர் எதுவும் சொல்லவில்லை. சுருதியையும் தாளத்தையும் இயந்திரமே அளந்து மதிப்பெண் போட்டது. பதற்றம் என்று சொன்னவர்களுக்குச் சுமார் 53 சதவீதம், எதுவும் சொல்லாதவர்களுக்கு 69, உற்சாகம் என்று சொன்னவர்களுக்கு 80-க்கு மேல். ‘அமைதியாக இரு, பயப்படாதே’ என்று நாம் குழந்தைகளிடம் சொல்வது ஏன் பலிப்பதில்லை என்று இதில் எனக்கு விளங்கியது. ஓடுகிற இதயத்தை நிறுத்து என்றால் நிற்காது. அது எதற்காக ஓடுகிறது என்று வேறு பெயர் சொன்னால் கேட்கிறது.

அந்தப் பெயர் மாற்றத்தை நான் பழகிய இடம் கொலு. போன வருடம் எங்கள் குடியிருப்பில் ஏழு வீட்டில் கொலு. ஏழு வீட்டுக்கும் வயலினோடு போனேன். ‘ஒண்ணு பாடேன்’ என்று நவராத்திரியில் குழந்தைகளைக் கேட்கும் வழக்கத்தைச் சின்ன வயதில் நான் வெறுத்திருக்கிறேன். இப்போது யோசித்தால், மேடை பயத்துக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் யாரும் கட்டவில்லை. ஒவ்வொரு நாளும் வேறு கூடம், வேறு முகங்கள். சுண்டல் தட்டு சத்தம், குறுக்கே ஓடும் குழந்தை, திடீரென்று ஒலிக்கும் குக்கர் விசில். உட்கார்ந்ததும் வாசிக்க வேண்டும், ஒத்திகை கிடையாது. பிசகினால் யாருக்கும் நஷ்டமில்லை, குங்குமமும் வெற்றிலையும் கட்டாயம் உண்டு. ஒன்பது நாளில் ஏழு முதல் தடவைகள்.

நோட்டில் அந்த வாரத்துப் பக்கத்தை இப்போது பார்த்தேன். முதல் வீடு: ‘பல்லவி முழுக்க வில் ஆடியது. அனுபல்லவியில் ஆட்டம் நின்றது.’ நாலாவது வீடு: ‘ஆடியது. கவலைப்படவில்லை.’ ஆறாவது வீடு: ‘முக்தாயியில் ஒரு ஸ்வரம் போனது. தாளத்தில் அடுத்த இடத்தில் பிடித்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.’ நடுக்கம் ஏழு வீட்டிலும் வந்தது. ஆனால் அதைப் பார்த்து நான் பயப்படுவது நாலாவது வீட்டோடு போய்விட்டது.

‘அடுத்த இடத்தில் பிடித்தேன்’ என்று எழுதியிருப்பது எனக்கு முக்கியம். பதினைந்து வயதில் வாங்காத பாடம் அது. தப்பு வந்தால் நின்று திருத்துவது சாதகம். தப்பு வந்தால் தாளத்தோடு போய் அடுத்த எடுப்பில் ஏறிக்கொள்வது கச்சேரி. இரண்டும் வேறு வேறு திறமைகள். வீட்டில் ஒவ்வொரு தப்புக்கும் நின்று திரும்புகிற குழந்தை, நிற்பதையும் சேர்த்துத்தான் பழகுகிறது. அந்தப் போட்டியில் மிருதங்க அண்ணா தாளத்தை விடாமல் பிடித்திருந்தாரே, அவர் எனக்கு ஏறும் படியை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். நாலாவது ஸ்வரத்தில் ஏறியிருக்கலாம். சரண வரியையே வாசித்து முடித்திருக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நின்ற கணத்தில் நான் என்ன செய்தேன் என்பதும் நினைவிருக்கிறது. விரலில் தேடினேன். மூன்றாம் விரலா, இரண்டாம் விரலா என்று இடது கையையே பார்த்தேன். பல வருடமாகத் தானாகப் போய்க்கொண்டிருந்த விரல், கண்ணால் மேற்பார்வை பார்க்கத் தொடங்கியதும் நின்றுவிட்டது. கவனம் விரலில் இருந்தால் வாசிப்பு சீர்கெடுகிறது, எழும் நாதத்தில் இருந்தால் சீராகிறது என்று மேலே சொன்ன டியூக்கின் குழுவே பின்னொரு ஆய்வில் காட்டியிருக்கிறது. சார் தினமும் சொன்னது இதுதான். “பாடிக்கிட்டே வாசிம்மா. மனசு பாடினா கை வரும்.” நம் வயலின் பாடமே வாய்ப்பாட்டின் மேல் நிற்கிறது. ஒரு சங்கதியை, அதாவது பாட்டு வரியைப் பாடும் ஒரு விதத்தை, பாடத் தெரியாமல் வாசிக்கக் கூடாது என்று அவர் வைத்திருந்த கட்டுப்பாட்டை, அப்போது நேரவிரயம் என்று நினைத்தேன்.

கச்சேரி வர்ணத்தில் தொடங்குவதைப் பற்றியும் இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன். இன்று நாம் கேட்கும் கச்சேரி முறையை நிலைப்படுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அவருடைய குரு பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார்தான் ‘நின்னுகோரி’யை இயற்றியவர். மேடையேறிய முதல் ஐந்து நிமிடத்தில்தான் உடம்பு அதிகம் ஆடும். அந்த ஐந்து நிமிடத்துக்கு, ஆயிரம் தடவை வாசித்த, வேகம் அளவாக உள்ள, வில் ஓடிக்கொண்டே இருக்கிற ஒன்று கையில் இருக்கிறது. கற்பனைக்கு அதில் இடம் இல்லை, எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. அது முடிவதற்குள் கூடத்தின் நாதமும் மிருதங்கக்காரரின் போக்கும் காதுக்குப் பிடிபட்டுவிடும். அதற்கப்புறம்தான் ஆலாபனை. பதற்றத்தை அறிந்த ஒருவர் வகுத்த வரிசையாகவே எனக்கு அது தோன்றுகிறது.

இந்த வருடம் எங்கள் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் தியாகராஜ ஆராதனை. பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லாரும் சேர்ந்து பாடி முடிந்ததும் ஆளுக்குப் பத்து நிமிடம். நான் ‘நின்னுகோரி’யும் ஒரு கீர்த்தனையும் வாசித்தேன். வர்ணத்தில் இரண்டாவது ஸ்வரம் முடிந்து சரண வரிக்கு வந்தபோது நெஞ்சு ஒரு தடவை தூக்கிப் போட்டது. மூன்றாவது ஸ்வரத்தின் முதல் நான்கு அட்சரத்தை மனம் பாடியது. கை போனது.

கீர்த்தனைக்கு முன்னால் இரண்டு நிமிடம் ஆலாபனை. அங்கே நீண்ட ஷட்ஜத்தில் வில் துள்ளியது. மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்தால், ஏழு நோட்டிலும் நான் எழுதிய முதல் தடவை எல்லாம் உருப்படியின் முதல் தடவை. வெறும் வில்லுக்கு ஒரு முதல் தடவையை நான் வைத்ததே இல்லை.

அதனால் இப்போது காலையில் வர்ணத்துக்கும் முன்னால் ஒன்று சேர்ந்திருக்கிறது. மாடிப்படி இரண்டு தளம் ஏறி இறங்கி, நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து, ஒரே ஒரு ஷட்ஜம், அடியிலிருந்து நுனி வரை. நாதம் விக்காமல் எத்தனை நொடி போகிறது என்று எழுதுகிறேன். நேற்று பதினொன்று. இன்றைக்கு ஏழு.